பிள்ளைகள் கண்ட சமுதாயமும் தொழிற்கனவும்

கெடா மாநிலத்துத் தோட்டப்புறச் சிறுவரிடம் எதிர்கால விருப்பத்தை வினவினால், மருத்துவர், ஆசிரியர் என்னும் விடைகளை நாம் கேட்கிறோம். எஸ்.பி.எம். தேர்வு முடிந்தபின் அதே வினாவுக்கு, ஏதேனும் வேலை கிடைத்தால் போதும் என்று விடை சுருங்கிவிடுகிறது. அறிவுக்குறை என்று கூறி ஒதுங்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

அமெரிக்க உளவியலறிஞர் லிண்டா கோட்பிரெட்சன் 1981இல் வெளியிட்ட கோட்பாடு இங்குத் துணைபுரியும். சிறுவர் தொழிலைத் தேர்வதற்கு நெடுநாள் முன்பே, தமக்கு ஆகாதவை எனப் பலவற்றைக் கழித்துவிடுகின்றனர். ஆறு முதல் எட்டு வயதுக்குள் ஆண்பணி, பெண்பணி என்னும் பாகுபாடு தோன்றுகிறது. ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் உயர்வு தாழ்வு என்னும் படிநிலை மனத்தில் பதிகிறது. 'நம்மைப் போன்றோர்க்கு உரியதன்று' எனக் கழிக்கப்பட்டது எளிதில் திரும்புவதில்லை.

தோட்டத்தில் அப்படிநிலை கண்ணெதிரே நின்றது. மேட்டில் துரை பங்களா, அடுத்துக் கிராணிமார் வீடுகள், கீழே லயங்கள். பால்மரம் வெட்டியோர்க்கு நாட்கூலி. மழை பெய்தால் அதுவும் இல்லை. 2001இல் உடன்பாடு ஏற்படும் வரை மாதச் சம்பளம் அவர்க்குக் கோரிக்கையாகவே இருந்தது. மாதச் சம்பளம் பெறுவோருள் பிள்ளைகள் நாள்தோறும் நெருங்கிப் பழகியவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. ஆசிரியராகும் கனவு மிகுந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. மருத்துவர் கனவோ வேறு வகை: பெயர் தெரியும், வழி தெரியாது. இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டபோதும், பழைய படிநிலை வீட்டுப் பேச்சில் வாழ்கிறது.

அது மனத்தில் உறையும் வயதிலேயே தமிழ்ப்பள்ளியும் முடிகிறது. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் ஆகிய ஊர்களின் இடைநிலைப்பள்ளிகளில் பயிற்றுமொழி மலாய். நெடுங்காலமாகப் பலர் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் அமர்ந்தபின்னரே முதலாம் படிவத்தை அடைந்தனர். வயதொத்தோர் முன்செல்லத் தாம் பின்னிற்பதைக் கண்ட பிள்ளைகள், சமுதாயத்தில் தம் இடம் இதுவெனக் கணித்துக்கொண்டனர். அக்கணிப்பு மதிப்பெண்ணினும் வலியது.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் பொறியாளரும் உளர். இயந்திரம் இயக்குவோரும் உளர். ஆயினும் முச்சந்திக்கு வரும் தொழிற்சாலைப் பேருந்து இயக்குவோரையே ஏற்றிச் செல்கிறது. பொறியாளர் தம் காரில் செல்கிறார். பிள்ளைகள் காண்பது பேருந்தை. செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவம் கற்பிக்கிறது. அவ்வழியே பள்ளி செல்வோருள் உள்ளே நுழைந்து பார்த்தவர் எத்துணையர்?

தொழில் வழிகாட்டிக் கூட்டங்களை ஐந்தாம் படிவத்தார்க்கு நடத்துவது காலங்கடந்த செயல். தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டிலேயே, அதே தோட்டத்து லயத்தில் வளர்ந்து பொறியாளரான ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். தம் வெற்றியை மட்டுமன்றி, எப்பாடத்தில் தவறினார், எவ்வாறு மீண்டார், கல்விக் கட்டணத்தை எங்ஙனம் செலுத்தினார் என்பவற்றையும் அவர் கூறுதல் நன்று.