திருப்பதி போறீங்களா? தரிசனம் முடிந்ததும் பார்க்க வேண்டிய தமிழ் வரலாறு எங்கெல்லாம் இருக்கு?

தமிழ்நாட்டிலிருந்து திருப்பதி போகிற பலருக்கும் பயணத் திட்டம் ஒன்றுதான். மலையேறி தரிசனம், லட்டு, நேரம் இருந்தால் திருச்சானூர், காளஹஸ்தி. பிறகு ஊர் திரும்பிவிடுவோம்.

ஆனால் அந்தப் பாதையிலிருந்து சில கிலோமீட்டர் விலகினால், இந்தியாவின் மிகப் பழைய சிவலிங்கங்களில் ஒன்று, ஒரு சோழ மன்னரின் பள்ளிப்படை, சென்னையின் தொடக்கக் கதையோடு தொடர்புள்ள ஒரு கோட்டை எல்லாம் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன? எப்படிப் பார்ப்பது?

ஆந்திராவில் ஏன் இத்தனை தமிழ்க் கல்வெட்டுகள்?

இந்தப் பகுதி பழைய தொண்டை மண்டலத்தின் வடக்குப் பகுதி. பல்லவர், சோழர், பிறகு விஜயநகர அரசர்கள் எனப் பலரும் ஆண்ட நிலம். திருமலை, திருப்பதி கோயில்களில் பதிவு செய்யப்பட்டுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. காடவன் பெருந்தேவி என்கிற சாமவை, வெள்ளித் திருமேனி ஒன்றைக் கொடுத்த செய்தியும் அவற்றில் உண்டு. போக சீனிவாசர் எனப்படும் அந்தத் திருமேனி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

நிர்வாக எல்லைதான் அடிக்கடி மாறியது. வட ஆற்காடு, கடப்பா மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-ல் அது ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு பகுதி அந்தப் பக்கம் போனது. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானது.

இது உங்களுக்கு எதற்கு? ஒரே ஊர் பழைய நூல்களில் 'வட ஆற்காடு' என்றும், சில ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரைகளில் 'சித்தூர் மாவட்டம்' என்றும், இன்றைய வரைபடத்தில் 'திருப்பதி மாவட்டம்' என்றும் இருக்கும். தேடும்போது மூன்றையும் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பாதித் தகவல் கைக்கே வராது.

குடிமல்லம்: லிங்கத்தில் ஒரு வேடன்

ஏர்ப்பேடு மண்டலத்தில் உள்ள சின்ன கிராமம் இது. இங்குள்ள பரசுராமேஸ்வரர் கோயில் லிங்கம் சுமார் 5 அடி உயரம். அதன் முன்பக்கத்தில் சிவன் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார். ஒரு கையில் ஆடு, இன்னொரு கையில் சிறு கலம், தோளில் கோடரி, காலடியில் ஒரு குள்ள உருவம்.

இது கி.மு. 2 அல்லது 1-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. கி.பி. தொடக்க நூற்றாண்டுகள் என்பவர்களும் உண்டு. அறிஞர் டி.ஏ. கோபிநாத ராவ் 1911-ல் இதைப் பற்றி எழுதினார். 1973-ல் ஐ.கே. சர்மா இங்கே அகழாய்வு நடத்தினார். 1954 முதல் இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

கருவறையின் பின்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதுதான். சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகளையும் பார்க்கலாம்.

தொண்டமநாடு: சோழர் பள்ளிப்படை

காளஹஸ்திக்கு அருகில் உள்ள ஊர். முதலாம் ஆதித்த சோழன் 'தொண்டைமானாற்றூர் துஞ்சின' மன்னன் என்று குறிப்பிடப்படுவது இந்த ஊரை வைத்துத்தான். மகன் முதலாம் பராந்தகன், தந்தையின் நினைவாக இங்கே ஆதித்தேஸ்வரம் என்கிற கோதண்டராமேஸ்வரர் கோயிலைக் கட்டினான். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு சுமார் நூறு ஆண்டுகள் மூத்தது இது.

சந்திரகிரி: சென்னைக்கு இங்கேதான் கையெழுத்தா?

திருப்பதியிலிருந்து சுமார் 15 கி.மீ. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும் தலைநகரை மாற்றியது. மூன்று தளம் கொண்ட ராஜ மஹாலில் இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம் இயங்குகிறது. கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும்தான், கட்டுமானத்தில் மரமே கிடையாது.

சென்னையை ஆங்கிலேயருக்குக் கொடுத்த பத்திரம் இங்கே கையெழுத்தானது என்று அடிக்கடி சொல்வார்கள். அது கொஞ்சம் சுருக்கிச் சொன்ன கதை. 1639-ல் பிரான்சிஸ் டேக்கு அனுமதி கொடுத்தவர், சந்திரகிரி அரசருக்குக் கீழ் வந்தவாசிப் பகுதியை நிர்வகித்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். 1645-ல் மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் புதிய மானியம் கொடுத்தார். அதாவது மேலதிகாரம் சந்திரகிரி அரசருடையது, முதல் பத்திரம் நாயக்கருடையது.

போகும் வழியில் வேறென்ன?

வேலூர் வழியாகப் போனால் சித்தூர் வரும். அதன் அருகே நரசிங்கராயன்பேட்டையில்தான் 1782 டிசம்பர் 7-ல் ஹைதர் அலி முகாமில் இறந்தார்.

திருமலை மலைப்பாதையில் பேருந்து ஜன்னலோரம் உட்காருங்கள். கீழே பழைய கிரானைட், அதன்மேல் பிற்காலக் குவார்ட்சைட் பாறை. இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

ஏன் இப்போதே பார்க்கணும்?

கூட்டம் வருவதால் மட்டும் ஒரு சின்னம் பத்திரமாக இருந்துவிடாது. காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ராஜகோபுரம், தினமும் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்த கோபுரம், 2010 மே 26-ல் இடிந்து விழுந்தது. 2017-ல் குடமுழுக்கு நடந்த இன்றைய கோபுரம் புதிதாகக் கட்டப்பட்டது. ஆட்கள் அதிகம் வராத கிராமக் கோயிலில் ஒரு கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசினால், கேட்கவும் ஆள் இருக்காது.

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

• தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி தரிசனம் என்றால் சந்திரகிரியை மறுநாளுக்கு வையுங்கள்.

• தொல்லியல் துறை சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை.

• குடிமல்லம், காளஹஸ்தி, தொண்டமநாடு மூன்றும் ஒரே திசை, ஒரு நாள் போதும். சந்திரகிரி எதிர்த் திசை, அதற்கு அரை நாள் வையுங்கள்.

• கல்வெட்டைப் படம் எடுக்கும்போது மாவு, சாக்பீஸ் தேய்க்காதீர்கள். காலை அல்லது மாலையில் பக்கவாட்டு வெயில் விழும்போது எழுத்து தானாகத் தெரியும்.

• பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் பெயர் கிறுக்குவது குற்றம். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

• எழுத்தின் மேல் வண்ணமோ சிமென்ட்டோ பூசியிருந்தால், தேதியுடன் படம் எடுத்து தொல்லியல் துறைக்குப் புகார் அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த நீங்கள்தான் அங்கே என்ன அழிகிறது என்பதை முதலில் கவனிக்கக்கூடியவர்.