நர்ஸ் சம்பளத்தை எது முடிவு பண்ணுது?

"கவர்ன்மென்ட் நர்ஸுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று யாராவது கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் கிராம சுகாதார செவிலியர். இரண்டு வருட ஏ.என்.எம். பயிற்சி முடித்தவர். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நிரந்தரப் பணி என்றால் நிலை 8, அதாவது 19,500-ல் தொடங்கும் ஊதிய விகிதம். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம். ஆக, அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு 19,500 + 9,750 = 29,250 ரூபாய். வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி தனி. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு அப்போது இதில் 10 சதவீதம், 2,925 ரூபாய், பிடிச்சாங்க.

இரண்டாமவர் ஸ்டாஃப் நர்ஸ். மூன்று வருட டிப்ளமோ அல்லது நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படித்தவர். பிரசவம் பார்ப்பது, இரவு ஷிஃப்ட் எல்லாம் இவர்தான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) 2015-ல் ஏழாயிரத்துக்கும் அதிகமான நர்ஸ்களைத் தேர்வு வைத்து எடுத்தது. அவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் பெரிய போராட்டம் நடந்தது. அதன் பிறகு 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது.

கூடுதல் படிப்பு, நைட் டியூட்டி, பிரசவ அறைப் பொறுப்பு. ஆனால் சம்பளம் கம்மி. கிராம செவிலியருக்கு அதிகம் கொடுத்துட்டாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அவர் பகுதியில் மக்கள்தொகை அதைத் தாண்டினாலும் ஊதிய விகிதம் மாறாது.

அப்போ வித்தியாசம் எங்கிருந்து வருது? வேலையில் எப்படிச் சேர்ந்தோம் என்பதிலிருந்து. முதலாமவருக்குக் காலமுறை ஊதியம்: வருடம் 3 சதவீத உயர்வு, அகவிலைப்படி, ஊதியக்குழு திருத்தம் எல்லாம் உண்டு. பத்து வருடத்தில் ஊதியக்குழு திருத்தம் இல்லாமலேயே 19,500 என்ற அடிப்படை ஊதியம் 26,200-ஐத் தொட்டுவிடும். இரண்டாமவருக்குத் தொகுப்பூதியம்: ஒரே தொகை. விலைவாசி ஏறினாலும் அனுபவம் கூடினாலும் தானாக ஏறாது. ஒவ்வொரு உயர்வுக்கும் தனி அரசாணை வேணும். அதுக்காகத்தான் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வர்றாங்க.

இரண்டு வருடம் முடிந்தால் நிரந்தரம் என்றுதானே எடுத்தாங்க என்று கேட்கலாம். சிக்கல் அங்கேதான் இருக்கு. நிரந்தரம் ஆவதற்கு அனுமதிக்கப்பட்ட காலமுறைப் பணியிடம் காலியாக இருக்க வேண்டும். யாராவது ஓய்வு பெறணும், பதவி உயர்வில் போகணும், இல்லை அரசு புதுப் பணியிடம் உருவாக்கணும். அதுவரை வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தேசிய சுகாதார இயக்கத்தின் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்கின்றன. அதில் வரும் ஒப்பந்தப் பணிகளுக்கு ஆண்டுத் திட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். திட்டப் பணத்தில் சம்பளம் என்றால் ஓய்வூதியப் பொறுப்பு அரசின் தலையில் விழாது. நிதித்துறைக்கு இது வசதி.

சட்டம் என்ன சொல்கிறது? பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு, அந்தப் பதவிக்கான ஊதிய விகிதத்தின் குறைந்தபட்ச அளவு கிடைக்க வேண்டும் என்றது. ஆனால் "அதே வேலை" என்பதை நிரூபிக்கும் சுமை ஊழியர் மேல்தான்.

அடுத்த முறை "புதிதாக நர்ஸ்கள் நியமனம்" என்று செய்தி வந்தால், எத்தனை பேர் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காலமுறை ஊதியமா, தொகுப்பூதியமா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே பத்து வருடம் கழித்து அவங்க கையில் என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.