பொண்ணு கேட்க வந்தவர் புல்வெளிக்குச் சண்டை போட்ட கதை

சிபிஎஸ்இ-ல படிச்சவங்களுக்கு ஆண்டன் செகாவ் எழுதின 'தி ப்ரொபோசல்' நாடகம் ஞாபகம் இருக்கும். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தோட கடைசிப் பாடம். கேரக்டர் ஸ்கெட்ச், தீம், 'லோமோவ் ஏன் கல்யாணம் பண்ண நினைத்தான்?' என்ற கேள்விக்கு நாலு வரி பதில். அவ்வளவுதான், மூடி வெச்சாச்சு. ஆனா இது ஒரு காமெடி. செகாவே இதை 'ஒரே அங்கத்தில் ஒரு வேடிக்கை'ன்னுதான் குறிப்பிட்டார். சிரிக்காமலே படிச்சு முடிச்சா, அதைப் படிச்சோம்னு சொல்ல முடியுமா? அதனால இந்த நாடகம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் கழட்டிப் பார்க்கலாம்.

முதல்ல கதை

செகாவ் இதை எழுதினது 1888-ல். அப்போ அவருக்கு 28 வயசு, தொழில் டாக்டர். அடுத்த வருஷமே நாடகம் மேடை ஏறியது.

இடம், ரஷ்ய கிராமப்புறத்துல ஒரு நிலக்கிழார் வீடு. மொத்தமே மூணு பேர். சுபுகோவ், அவர் மகள் நத்தால்யா (வயசு 25), பக்கத்துப் பண்ணைக்காரர் லோமோவ் (வயசு 35). லோமோவுக்கு எப்பவும் படபடப்பு, தூக்கம் வராது, புருவம் துடிக்கும். அவர் கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறார். கடன் கேட்க வந்திருக்கார்னு சுபுகோவ் மனசுக்குள்ள பயப்படுறார். இல்லை, பொண்ணு கேட்கத்தான் வந்திருக்கார்னு தெரிஞ்சதும் சந்தோஷம் தாங்காம மகளைக் கூப்பிடப் போறார்.

மகள் வர்றாங்க. எதுக்கு வந்திருக்கார்னு அவங்களுக்குத் தெரியாது. லோமோவ் நேரா விஷயத்துக்கு வராம, ரெண்டு குடும்பத்துக்கும் இருக்கிற பழைய உறவைப் பத்தி நீட்டி முழக்குறார். நடுவுல 'என்னோட ஆக்ஸன் மெடோஸ்'னு ஒரு வார்த்தை விழுது. அது ரெண்டு பண்ணைக்கும் நடுவுல இருக்கிற புல்வெளி. "உங்களோடதா? எங்களோடது!" அங்க ஆரம்பிச்சதுதான்.

சண்டை எதுக்கு?

கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்தப் புல்வெளி 5 டெஸ்யாட்டினா, அதாவது கிட்டத்தட்ட 13.5 ஏக்கர். மதிப்பு வெறும் 300 ரூபிள்தான்னு நத்தால்யாவே சொல்றாங்க. காசு பெருசில்லை, அநியாயத்தைத்தான் தாங்க முடியலைங்கறது அவங்க வாதம். லோமோவுக்கும் அதே 'நியாயம்'தான். இத்தனைக்கும் போன வருஷம் தங்களோட கதிரடிக்கிற மெஷினையே இவங்க அவருக்குக் கொடுத்து உதவியிருக்காங்க.

இதுல முக்கியமான விஷயம், ரெண்டு பேருக்கும் வேணும்ங்கறது ஒண்ணேதான்: கல்யாணம். அது நடந்தா புல்வெளி ஒரே குடும்பத்துக்குள்ள வந்துடும், சண்டையே செல்லாக்காசு. ஆனாலும் விட மாட்டாங்க. மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா 'கீ'ன்னு கத்துமே, அந்த பாசிட்டிவ் ஃபீட்பேக் மாதிரிதான். ஒருத்தர் சத்தம் அடுத்தவர் சத்தத்தை ஏத்துது. தணிக்க வேண்டிய அப்பாவும் உள்ள வந்து சேர்ந்து கத்துறார். புல்வெளியில ஆரம்பிச்ச பேச்சு, யாரோட அத்தை எந்தக் கட்டடக் கலைஞரோட ஓடிப்போனாங்கங்கற வரைக்கும் போயிடுது. லோமோவ் கிட்ட பத்திரம் இருக்காம். யாராவது 'எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்'னு சொன்னாங்களா? இல்லை.

ஒரே நிமிஷத்துல மாறின நியாயம்

லோமோவ் தள்ளாடிக்கிட்டே வெளிய போனதும்தான் சுபுகோவ் வாய் தவறி விஷயத்தைச் சொல்றார். அவன் உன்னைப் பொண்ணு கேட்க வந்தவன்னு. நத்தால்யா நாற்காலியில விழுந்து கதறுறாங்க: உடனே அவரைக் கூட்டிட்டு வாங்க! திரும்பி வந்ததும் புல்வெளி உங்களோடதுதான்னு ஒத்துக்கிறாங்க.

இங்க சிரிச்சுட்டுக் கடந்து போயிடுவோம். கொஞ்சம் நின்னு பார்த்தா கஷ்டமா இருக்கும். அந்தக் காலத்து நிலக்கிழார் வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்தான் வாழ்க்கையில முன்னாடி இருந்த பெரிய வழி. 25 வயசுல அது கதவு தட்டி வந்து, ஒரு புல்வெளியால திரும்பிப் போகுது. அந்தக் கதறலை நடிக்கிறவங்க பொய்யா நடிச்சா நாடகம் படுத்துடும். லோமோவும் காதல்ல வரலை. உண்மையான காதலுக்குக் காத்திருந்தா கல்யாணமே நடக்காதுன்னு தனக்குத்தானே கணக்கு போட்டுத்தான் வந்திருக்கார்.

அடுத்தது இன்னும் நல்லா இருக்கும். இனி சண்டை வரக்கூடாதுன்னு நத்தால்யாவே பேச்சை வேட்டைக்கு மாத்துறாங்க. வம்பில்லாத டாபிக்தானே? வேட்டைன்னா நாய் வரும். லோமோவோட நாய் கெஸ், விலை 125 ரூபிள். எங்க ஸ்க்வீசர் அதைவிட நல்ல நாய், விலையும் கம்மின்னு இவங்க. ஸ்க்வீசருக்குக் கீழ்த்தாடை குட்டைன்னு அவர். அவ்வளவுதான், மறுபடியும் கத்தல். லோமோவ் மயங்கி விழறார். செத்துட்டார்னு அப்பாவும் மகளும் அலறுறாங்க. கண் முழிச்சதும் சுபுகோவ் அவசர அவசரமா ரெண்டு பேர் கையையும் சேர்த்து வெச்சுடறார். கல்யாணம் நிச்சயம். அடுத்த நொடியே நாய்ச் சண்டை தொடருது. அவர் ஷாம்பெயின் கொண்டு வரச் சொல்லிக் கத்த, திரை விழுது.

யாரும் கவனிக்காத ஒரு பாதி வாக்கியம்

லோமோவோட வாதத்துல ஒரு தகவல் ஒளிஞ்சிருக்கு. அவரோட அத்தையின் பாட்டி, அந்தப் புல்வெளியை சுபுகோவ் குடும்பத்துக் குடியானவங்களுக்கு இலவசமா விட்டாங்க. பதிலுக்கு அவங்க செங்கல் சுட்டுத் தரணும். சுமார் 40 வருஷம் அனுபவிச்சு, அது தங்களோடதுன்னே அந்த ஜனங்க நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரஷ்ய மூலத்துல, 'அப்புறம் அந்தச் சட்டம் வந்தப்போ'ன்னு லோமோவ் ஆரம்பிக்கும்போதே நத்தால்யா குறுக்கே பேசிடுறாங்க. அந்தக் காலத்துப் பார்வையாளருக்கு அது எந்தச் சட்டம்னு தெரியும்: 1861-ல பண்ணையடிமை முறையை ஒழிச்ச சட்டம்.

அதாவது, அந்த மண்ணுல உழைச்சவங்க கதை சொல்லப்படுறதுக்குள்ள வெட்டப்படுது. மேடையில 'என்னோடது'ன்னு கத்துறவங்க மூணு பேருமே புல் அறுக்கிறவங்க இல்லை. செகாவோட தாத்தா பண்ணையடிமையா இருந்து, 1841-ல பணம் கட்டிக் குடும்பத்தை விடுவிச்சவர். இது தெரிஞ்சப்புறம் அந்த வெட்டு தற்செயலா தெரியலை.

அப்போ எப்படிப் படிக்கிறது?

உட்கார்ந்து மனசுக்குள்ள படிக்காதீங்க. மூணு பேர் எழுந்து நின்னு, சத்தமா, ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் வெட்டிப் படிங்க. காமெடி வசனத்துல மட்டும் இல்லை, வேகத்துலயும் உடம்புலயும் இருக்கு. மேயர்ஹோல்ட் என்ற ரஷ்ய இயக்குநர் 1935-ல செகாவோட மூணு குறுநாடகங்களைச் சேர்த்துப் போட்டார், இதுவும் அதுல ஒண்ணு. மூணுலயும் வர்ற மயக்கங்களை எண்ணி, '33 மயக்கங்கள்'னே பேர் வெச்சார்!

செட் வேண்டாம், ஒரு நாற்காலியும் தண்ணி பாட்டிலும் போதும். ஹாஸ்டல் ரூம்லயே அரை மணி நேரத்துல முடிச்சுடலாம். படிக்கும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க. ஒவ்வொரு சண்டையிலும், 'சரி, விடுங்க'ன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்னு ஒரு இடம் வரும். அந்த இடத்தை பென்சில்ல குறிச்சு வைங்க. கல்ச்சுரல்ஸ்ல மேடை ஏத்தினா, அந்த இடத்துல ஒரு நொடி அமைதி விட்டுட்டு அப்புறம் கத்துங்க. ஆடிட்டோரியம் அங்கதான் சிரிக்கும்.