விளம்பரத்தில் இருபது, சாலையில் பன்னிரண்டு

இந்தியச் சந்தையில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேகமாகப் பெருகிய கார் வகை, நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவி ஆகும். உயரமான இருக்கை, பள்ளம் மேடுகளுக்கு அஞ்சாத தரை இடைவெளி, குறுகலான தெருவிலும் நிறுத்திவிடக்கூடிய அளவு ஆகியவற்றை ஒருசேரத் தருவதால், முதன்முறையாகக் கார் வாங்கும் குடும்பங்கள்கூட இதையே நாடுகின்றன. வாங்கிய சில மாதங்களில் அக்குடும்பங்கள் பலவற்றிலிருந்து எழும் குறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: லிட்டருக்கு 18 முதல் 20 கிலோமீட்டர் என்று சொல்லி விற்கப்பட்ட டர்போ பெட்ரோல் வண்டி, நகரத்துக்குள் 12-ஐத் தொடவே திணறுகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுசென்றால், வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் பெரும்பாலும் உண்மை என்பதுதான் வாங்கியவரின் சங்கடம். ஏனெனில் குறை இருப்பது எந்திரத்தில் அன்று, மைலேஜை அளக்கும் முறையும் வண்டியின் உடல்வாகும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனதில்.

விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் எண் சாலையில் அளக்கப்பட்டதன்று. 1966-இல் தொடங்கப்பட்டுப் புனேயில் இயங்கும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம், அதாவது ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்ற மையங்களில், டைனமோமீட்டர் எனப்படும் சுழலும் உருளைகளின் மேல் வண்டியின் சக்கரங்களை ஓடவிட்டு, முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரு வேக அட்டவணையை நொடிக்கு நொடி பின்பற்றி அது பெறப்படுகிறது. டேங்கிலிருந்து குறைந்த பெட்ரோலை யாரும் அளந்து பார்ப்பதில்லை. புகையில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு முதலான வாயுக்களை அளந்து, அவற்றிலுள்ள கார்பனைக் கொண்டு எரிந்த எரிபொருள் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையின் உடன்விளைவாகப் பிறந்த எண் இது. ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் அனைத்துக்குமான சராசரி கார்பன் வெளியீட்டு வரம்பைச் சரிபார்க்கவும், இரண்டு வண்டிகளை ஒரே நிலையில் ஒப்பிடவும் இது பயன்படும் என்பதில் ஐயமில்லை. குறிப்பிட்ட ஒருவரின் மாதச் செலவை முன்னறிவிக்க இது உருவாக்கப்படவில்லை.

அந்த வேக அட்டவணைக்கு மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டுச் சுழற்சி என்று பெயர். ஐரோப்பா 2017 முதல் கைவிடத் தொடங்கிய பழைய சுழற்சி ஒன்றைத் தழுவி அமைந்த இது, 1,180 நொடிகளில், அதாவது இருபது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான நேரத்தில், சுமார் பத்தரைக் கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து முடிகிறது. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 நொடிகள் தரப்படுகின்றன; பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்தபின் ஒருவர் அத்தனை நிதானமாகக் கிளம்பினால், பின்னால் இருப்பவர்களின் ஹாரன் அவரை விட்டுவைக்காது. ஏசி அணைக்கப்பட்டிருக்கும், ஏற்றம் இல்லை, எதிர்காற்று இல்லை, பின்னிருக்கையில் நால்வரும் அவர்களது பெட்டிகளும் இல்லை. ஐரோப்பா இதற்கு மாற்றாகக் கொண்டுவந்த சோதனை 1,800 நொடிகள் நீடித்து, 131 கிலோமீட்டர் வேகம்வரை செல்வதால், அதில் வண்டிகளுக்குக் கிடைத்த மைலேஜ் பொதுவாகக் குறைந்தே காணப்பட்டது.

சோதனை எல்லா வண்டிகளுக்கும் ஒன்றுதான் என்றால், ஏமாற்றம் சிறிய எஸ்யூவியில் மட்டும் ஏன் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கேள்வி எழும். விடையின் ஒரு பாதி வரிச் சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டம், நான்கு மீட்டருக்குள்ளும், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரம்புக்குள்ளும் அடங்கும் கார்களைச் சிறிய கார்கள் என வகுத்து, அவற்றின் உற்பத்தி வரியை 24-லிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் இந்த வரம்பே தொடர்கிறது: உள்ளே அடங்கினால் 18 விழுக்காடு, மீறினால் 40. சட்டம் நீளத்தையும் எஞ்சின் அளவையும் கட்டுப்படுத்தியதே தவிர, உயரத்தையும் அகலத்தையும் எடையையும் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே பெரிய வண்டியின் தோற்றத்தை விரும்பும் வாடிக்கையாளருக்காக உடல் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வளர்ந்தது, அகலம் 1.8 மீட்டரை நெருங்க, உயரம் 1.6 மீட்டரைக் கடந்தது. சிறிய ஹேட்ச்பேக்கைவிட 200, 300 கிலோ எடை கூடியது. அதை இழுக்க வேண்டிய எஞ்சின் மட்டும் சிறியதாகவே நின்றது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே டர்போ. வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் இக்கருவி, ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினிலிருந்து ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு இணையான ஆற்றலைப் பெற்றுத் தருகிறது. மென்மையாக ஓட்டும்போது அது சிறிய எஞ்சினாகவே நடந்துகொண்டு சிக்கனம் காட்டும். சோதனைச் சுழற்சி கேட்பதும் ஏறக்குறைய அதை மட்டுமே. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் நிலைமை மாறுகிறது. மிகுந்த அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டும் அபாயத்தைத் தவிர்க்கத் தீப்பொறி தாமதமாக்கப்படுகிறது. வெப்பத்தைத் தணிக்கத் தேவைக்கும் மேலான பெட்ரோல் தெளிக்கப்படுவதும் உண்டு. நகர நெரிசலில் நின்று நின்று கிளம்பும் கனமான வண்டி இந்த நிலைக்கு அடிக்கடி தள்ளப்படுகிறது. சிக்னலில் எஞ்சினைத் தானே நிறுத்திவைக்கும் வசதிகூட, சோதனைக் கூடத்தில் தவறாமல் பலன் தந்தாலும், மே மாத வெயிலில் உட்புறத்தைக் குளிர்விக்க வேண்டியிருப்பதால் பலமுறை செயல்படாமலே போகிறது. ஏசியின் கம்ப்ரஸரைச் சுழற்றும் ஆற்றலும் அதே சிறிய எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும்.

நெடுஞ்சாலையில் எதிரி வேறு. காற்றின் தடை, வண்டியின் முகப்புப் பரப்பைப் பொறுத்தும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தும் கூடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 100-க்கு ஏறினால், தடை 56 விழுக்காடு உயர்கிறது. நிமிர்ந்த முகமும் உயர்ந்த கூரையும் கொண்ட எஸ்யூவி இதில் ஹேட்ச்பேக்கைவிடக் கூடுதலாக இழக்கிறது. அழகுக்காகப் பொருத்தப்படும் அகலமான டயர்களும் தம் பங்குக்குத் தடையைக் கூட்டுகின்றன.

பெட்ரோலும் மாறிவிட்டது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்கே. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடும், இ20-க்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 விழுக்காடும் குறையும் என மதிப்பிட்டது. ஆகவே புதிய வண்டியின் பெரிய வீழ்ச்சி முழுவதற்கும் எத்தனாலைக் காரணம் காட்டும் பேச்சு சற்று மிகையானது.

இழப்பைக் கணக்கிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மைலேஜ் 20-லிருந்து 16-ஆகக் குறைந்தால் பன்னிரண்டரை லிட்டர் கூடுதலாகச் செலவாகும். 16-லிருந்து 12-ஆகக் குறைந்தால், இறக்கம் அதே நான்குதான் என்றாலும், கூடுதல் செலவு சுமார் 21 லிட்டர். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று கொண்டால், இருபதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே மாதம் 3,300 ரூபாய் நிற்கிறது. இதைச் சரியாக அறிய, டாஷ்போர்டுத் திரை காட்டும் சராசரியை மட்டும் நம்பாமல், டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்கி, அடுத்த முறையும் அதே பெட்ரோல் பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி வகுத்துப் பார்ப்பதே முறை. அதையும் பலமுறை செய்து சராசரி காண வேண்டும், ஏனெனில் ஒரே ஒரு நிரப்புதலில் ஓரிரு லிட்டர் பிழை எளிதில் நுழைந்துவிடும்.

சோதனை எண்ணுக்கும் சாலைக்கும் உள்ள தொலைவை அமெரிக்கா முன்பே ஒப்புக்கொண்டது. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1985 மாதிரி ஆண்டு முதல் ஆய்வுக்கூட எண்ணை நகரத்துக்கு 10 விழுக்காடும் நெடுஞ்சாலைக்கு 22 விழுக்காடும் குறைத்தே வெளியிட்டது. 2008 மாதிரி ஆண்டு முதல் ஏசி, அதிவேகம், கடுங்குளிர் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் கணக்கில் சேர்த்தது. விற்பனைக்கு நிற்கும் காரின் கண்ணாடியில் நகரத்துக்கு ஓர் எண்ணும் நெடுஞ்சாலைக்கு ஓர் எண்ணும் தனித்தனியே ஒட்டப்பட்டிருக்கும். இந்திய விளம்பரங்களிலோ இரண்டையும் கரைத்த ஒற்றை எண்ணே பேசப்படுகிறது, நகரத்துக்குள்ளேயே ஓட்டப்போகிறவருக்கும் அதுவே சொல்லப்படுகிறது. சாலையில் அளப்பது இயலாது என்று இனிச் சொல்வதற்கும் இடமில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 இரண்டாம் கட்ட மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, புதிய கார்கள் புகைக்குழாயில் அளவிடும் கருவி பொருத்தப்பட்டு உண்மையான சாலைகளில் ஓட்டிச் சோதிக்கப்படுகின்றன. அந்தக் கருவி நைட்ரஜன் ஆக்சைடுகளோடு கார்பன் டை ஆக்சைடையும் பதிவு செய்கிறது, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதால் அந்தப் பதிவிலிருந்தே சாலை மைலேஜைக் கணக்கிட்டுவிடலாம்.