மும்முனை மின்னோடி: இயக்கமும் தேர்வும்

செம்பனை ஆலையின் கன்வேயர் பட்டையையும், அடுக்குமாடி வீடுகளுக்கு நீரேற்றும் பம்பையும் இயக்குவது பெரும்பாலும் மும்முனைத் தூண்டல் மின்னோடியே. பேச்சு வழக்கில் நாம் மோட்டார் என்று கூறும் இக்கருவியின் உடலில் சிறு தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதிலுள்ள எண்களைப் பொருளறிந்து படிக்க வேண்டுமாயின், மின்னோடி சுழலும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

மின்னோடியின் அசையாப் பகுதி நிலையகம். சுழலும் பகுதி சுழலகம். நிலையகத்தில் மூன்று தொகுதிச் செம்புச் சுருள்கள் உள்ளன. அவற்றில் பாயும் மூன்று மின்னோட்டங்களும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில் அடைகின்றன. ஆகவே, சுருள்கள் அசையாதிருக்க, அவை உண்டாக்கும் காந்தப்புலம் மட்டும் சுழல்கிறது. சுழல் காந்தப்புலக் கருத்தைக் கலீலியோ ஃபெராரிஸும் நிக்கோலா டெஸ்லாவும் 1888இல் தனித்தனியே வெளியிட்டனர். மும்முனைக் கூண்டு மின்னோடியை 1889இல் உருவாக்கியவர் மிகயீல் தொலிவோ-தொபுரொவோல்ஸ்கி.

கூண்டுச் சுழலகத்துக்கு மின்கம்பி எதுவும் செல்வதில்லை. அதன் இரும்பு உடலில் பதிந்த அலுமினியத் தண்டுகள் இரு முனைகளிலும் வளையங்களால் இணைக்கப்பட்டிருக்கும். சுழலும் புலம் அத்தண்டுகளைக் கடக்கும்போது அவற்றில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அம்மின்னோட்டத்தின்மீது புலம் செலுத்தும் விசையே சுழலகத்தைத் திருப்புகிறது.

சுழலகம் புலத்தின் வேகத்தை எட்டிப் பிடித்துவிட்டால் என்ன நிகழும்? புலம் தண்டுகளைக் கடக்காது, மின்னோட்டமும் இராது, விசையும் இராது. எனவே, பின்தங்குவதே இம்மின்னோடி இயங்குவதற்கு அடிப்படை. இதனை நழுவல் என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மின்னோடியில் புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். தகட்டில் 1,450 என்றிருந்தால், முழுச் சுமையில் நழுவல் ஏறத்தாழ 3.3 விழுக்காடு.

தொடங்கும் கணத்தில் சுழலகம் நின்றிருப்பதால் நழுவல் 100 விழுக்காடு. அப்போது மின்னோட்டம் வழக்கமான அளவைப்போல் ஆறேழு மடங்கு உயரும். அதைத் தணிக்க ஸ்டார்-டெல்டா தொடக்கியைப் பொருத்துவர். அது மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காக்கும். திருப்புவிசையையும் அவ்வாறே குறைத்துவிடும். மையவிலக்குப் பம்புக்கு இது பெரும்பாலும் போதும். பழக்குலைகள் நிறைந்த கன்வேயரோ அசையாமலே நிற்கக்கூடும். ஆதலால், சுமையின் தன்மையை அறியாது தொடக்கியைத் தேர்ந்தெடுத்தல் தவறு.

தகட்டிலுள்ள கிலோவாட், அச்சு வெளியே தரும் திறனாகும். மின்வழங்கியிலிருந்து பெறும் திறன் அன்று. 90 விழுக்காடு செயல்திறனுடைய 7.5 கிலோவாட் மின்னோடி முழுச் சுமையில் ஏறத்தாழ 8.3 கிலோவாட் பெறும். ‘எஃப்’ என்னும் வகுப்பு, காப்புப்பொருள் 155 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். ‘ஐ.பி. 55’ என்பது தூசியிலிருந்தும் பீய்ச்சப்படும் நீரிலிருந்தும் பாதுகாப்பு உண்டு என்பதாம்.

பெரிய மின்னோடியே பாதுகாப்பானது என்று எண்ணுதல் கூடாது. குறைந்த சுமையில் அதன் திறன் காரணி தாழும். மேலும், ஓடும்போது ஒரு முனை அறுந்தால் மின்னோடி உடனே நிற்காமலும் போகலாம். எஞ்சிய இரு முனைகளில் மின்னோட்டம் மிகுந்து சுருள் கருகும். இதைத் தடுக்கும் பாதுகாப்பு ரிலேவும் தேர்வின் ஒரு பகுதியே.

சுமை எத்தகையது, எவ்வாறு தொடங்கும், எத்தகைய சூழலில் ஓடும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் தகட்டைப் படிக்கும் மாணவருக்கு, அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் பொருள் தரும்.