திரைக்குப் பின்னால் நிற்கும் திருடன்

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில், பங்குனி சித்திரை மாதங்களில், திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பார்க்க உட்காருகிற ஜனங்களுள், கதையின் முடிவு தெரியாமல் வந்தவர் என்று ஒருவரைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது. துகிலுரியும் சமயத்தில் கண்ணன் கைகொடுப்பான் என்பதும், பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான் என்பதும் மடியில் கிடக்கும் கைக்குழந்தை நீங்கலாக எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகள். அப்படியிருந்தும், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் சலங்கை ஒலிக்க, கிரீடத்தின் நுனி மாத்திரம் மேலே அசைய, வேஷக்காரர் தாம் இன்னாரென்று பாடிக்கொண்டே மறைந்து நிற்கும் அந்தச் சில நிமிஷங்களில், அதுவரை துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இத்தகைய ஊரிலே, முடிவை வெளியே சொல்லிவிட்டால் ரஸம் கெட்டுவிடும் என்று எல்லாரும் அஞ்சுகிற ஒரு திருட்டுப் படத்தைப் பற்றி ரசிகர்கள் என்ன அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டறிவதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு.

படம் ‘கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்’. 2020 பிப்ரவரி 28 அன்று வெளியாயிற்று. துல்கர் சல்மானும் ரக்ஷனும் ஒரு ஜோடித் திருடர்கள்; ரிது வர்மாவும் நிரஞ்சனி அகத்தியனும் அவர்களுடைய காதலிகள்; துரத்துகிற போலீஸ் அதிகாரி கௌதம் வாசுதேவ் மேனன். இயக்கியவர் தேசிங் பெரியசாமி. அவருக்கு இது முதற் படம். அந்தப் பெயரைக் கேட்டதுமே எங்கள் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவது இயல்பு. 1714-இல் ஆற்காட்டு நவாபின் சேனையோடு பொருது மாண்ட ராஜா தேசிங்கின் பெயரை இன்னொருவர் தாங்கி வந்தால், அவர் எந்த ஊரினராயினும் செஞ்சிக்கு அவர்மேல் ஒரு பாத்தியதை உண்டாகிவிடுகிறது.

படத்தின் விதி விசித்திரமானது. திரையரங்குகளில் மூன்று வாரம் முழுசாக ஓடுவதற்குள் கொள்ளை நோய் வந்து கொட்டகைகளை அடைத்துவிட்டது. ஆகவே கொட்டகையில் பார்த்தவர்கள் சிலர். ஊரடங்கின்போது வீட்டில், கைபேசியில், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர். ரஜினிகாந்த் படத்தைப் பார்த்துவிட்டு இயக்குநரை அழைத்துப் பாராட்டிய குரல் பதிவு அந்த வருஷமே ஊரெங்கும் பரவியபின், அதுவரை பாராதவர்களும் பார்த்தார்கள். இந்த இரு வகையினரின் அபிப்பிராயங்களும் ஒன்றாயில்லை என்பதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு தேநீர்க் கடையில், மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலை வேளையில், சுவரிலிருந்த தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் இருந்தவர்கள் மூவர்: கைபேசி பழுது பார்க்கும் ஓர் இளைஞர், மல்லாட்டை வியாபாரி ஒருவர், இருபது வயது முதல் கூத்தில் ஸ்திரீ வேஷம் கட்டி இப்போது எழுபதைத் தாண்டிவிட்ட வாத்தியார் ஒருவர்.

“நாலு தடவை பாத்துட்டேன் வாத்தியாரே” என்றார் இளைஞர். “இடைவேளையில ஒண்ணு வருது பாருங்க, அப்பிடியே தூக்கிப் போடும்.”

இந்த இடத்தில் நான் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். படம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டபடியால் இடைவேளைத் திருப்பத்தைச் சொல்வதில் பெரிய பாவமில்லை என்று துணிந்து சொல்கிறேன். விரும்பாதவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் படிக்கலாம்.

ஆன்லைனில் பொருள் வாங்குவதிலும் திருப்பி அனுப்புவதிலும் உள்ள ஓட்டைகளில் புகுந்து பணம் பண்ணுகிற நாயகர்கள், போதுமான அளவு சேர்த்துக்கொண்டு, காதலிகளோடு கோவாவுக்குப் போய் நிம்மதியாக வாழ எண்ணும் தறுவாயில், அந்தக் காதலிகளே தங்களைவிடக் கைதேர்ந்த திருடிகள் என்பதைக் கண்டுகொள்கிறார்கள். பொறி வைத்தவனே பொறியில் அகப்படுவது நம் நாட்டுக் கதைகளுக்குப் புதிதன்று. ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு மேலாகச் சாதாரணக் காதற் படம் என்று அலுத்துக்கொண்டிருந்த ரசிகனும் அந்தக் கணத்தில் நாயகனோடு சேர்ந்து தானும் ஏமாந்து நிற்கிறான் என்பதிலேதான் இப்படத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

கொட்டகையில் பார்த்தவர்களை விசாரித்தால் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள். முதற் பாதி நீளம், பாட்டுகளைக் குறைத்திருக்கலாம் என்பது அவர்கள் குறை; திருப்பம் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று என்பது அவர்கள் தீர்ப்பு. ‘காக்க காக்க’, ‘வேட்டையாடு விளையாடு’ என்று மிடுக்கான போலீஸ்காரர்களைப் படைத்த கௌதம் மேனனே ஒரு போலீஸ் அதிகாரியாக வந்து திருடர்களிடம் திண்டாடுவதைக் கண்டு சிரித்ததாக அவர்களில் பலர் சொல்கிறார்கள். கைபேசியில் பார்த்தவர்களோ வேறு ஜாதி. அவர்கள் படத்தை நிறுத்துகிறார்கள், பின்னால் ஓட்டுகிறார்கள், குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலைப்போல் ஒரு காட்சியை இன்னொரு காட்சியோடு ஒப்பிட்டு, ‘அங்கே அப்படிச் சொன்னவள் இங்கே எப்படி இப்படிச் செய்வாள்?’ என்று கேட்கிறார்கள். நம் இளைஞரும் அந்த ஜாதியே. திருட்டின் தொழில்நுட்பத்தைப் பற்றி அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது.

“ஒரு தடவை பிரிச்ச போனை நான் தொட்டுப் பாத்தே சொல்லிடுவேன். ஓரத்துல பசை காட்டிக் குடுத்துடும். சினிமாவுல அவ்ளோ சுளுவா வேலை முடியுது.”

வியாபாரியின் குறை வேறு விதமானது. சென்ற வருஷம் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு குரலை நம்பி 18,000 ரூபாயைப் பறிகொடுத்தவர் அவர். “ஏமாத்தினவன் கண்ணாடி மாட்டிக்கினு பாட்டு பாடுறான். ஏமாந்தவன் எங்கனா படத்துல வந்தானா, தம்பி?” என்றார். இளைஞர் இதற்கு மறுமொழி சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. 1954-இல் வந்த ‘மலைக்கள்ளன்’ என் நினைவுக்கு வந்தது. நாமக்கல் கவிஞரின் நாவல், எம்.ஜி.ஆர். நடிப்பு, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்ற தமிழ்ப் படம், இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் என்று ஐந்து பாஷைகளில் மறுபடி எடுக்கப்பட்டது. அதிலும் ஒருவரே பல வேஷம் போடுகிற திருப்பம் உண்டு. ஆயினும் அந்தக் கள்ளன் ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகவே கொள்ளையடித்தாக வேண்டியிருந்தது. இல்லையென்றால் அன்றைய ஜனங்கள் அவனை மன்னித்திருக்கமாட்டார்கள். இன்றைய திருடனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவன் சௌகரியமாக வாழ்வதற்காகத் திருடுகிறான். ரசிகரும் அவன் அகப்படக்கூடாதே என்று கவலைப்படுகிறார். வியாபாரியின் கேள்வி நியாயமானதுதான் என்றாலும், திருடனுடைய தொழில் திறமையில் சொக்கிப்போவது இந்தத் தலைமுறை கண்டுபிடித்த தோஷமன்று.

மதுரைக் காஞ்சியைப் பாடிய மாங்குடி மருதனார், நள்ளிரவில் மதுரைத் தெருக்களில் திரியும் கள்வரை எத்தனை சிரத்தையோடு வருணிக்கிறார்! இருளோடு இருளாகிற உடை, கூரிய வாள், இடுப்பில் சுற்றிய நூலேணி என ஒன்றையும் அவர் விடவில்லை. வடமொழியில் ‘மிருச்சகடிகம்’ நாடகத்திலே சர்விலகன் என்னும் பிராமணத் திருடன், செங்கற் சுவரில் எந்த வடிவத்தில் கன்னமிடுவது அழகு என்று யோசித்து, பூர்ண கும்ப வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அளவுகோல் மறந்துபோனதால் தன் பூணூலாலேயே சுவரை அளக்கிறான். இவற்றுக்கெல்லாம் சிகரமானது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. கோவலனைப் பார்த்து, இவன் முகத்தில் கள்வன் என்ற அடையாளமே இல்லையே என்று காவலர் தயங்கும்போது, பொற்கொல்லன் நகைத்துவிட்டு, களவு நூலில் சொல்லப்பட்ட எட்டு வகைத் துணைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். பிறகு ஒரு கதையும் சொல்கிறான்: பகலில் தூதுவன் கோலத்தில் அரண்மனை வாயிலில் காத்திருந்து, இரவில் பெண் கோலத்தில் உள்ளே புகுந்து, விளக்கின் நிழலிலேயே நடந்து, உறங்கும் இளங்கோவின் மார்பிலிருந்த ஆரத்தை வாங்கிய ஒரு கள்வனின் கதை. விழித்துக்கொண்ட இளவரசன் வாளை உருவ, திருடன் உறையாலேயே அதைத் தடுத்து, மற்போரில் கைகலந்து, தூண் மறைவில் நழுவிவிடுகிறான். இத்தனை துல்லியமாகச் சொல்கிறவன், அரசியின் சிலம்பைத் திருடிய அதே ஆசாமி! காவலருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். தெரிந்திருப்பதனாலேயே நம் நெஞ்சு பதைக்கிறது. திருப்பத்தை ஒளித்துவைத்து நம்மைத் திடுக்கிடச் செய்வது ஒரு வித்தை. கையில் கொடுத்துவிட்டுப் பதைக்கச் செய்வது அதைவிடப் பெரிய வித்தை.

முந்தைய வித்தைக்கு 2011-இல் வந்த ‘மங்காத்தா’வைச் சொல்லலாம். 500 கோடி ரூபாய் சூதாட்டப் பணத்தைக் கொள்ளையடிக்கும் அஜித்தும், அவரை வேட்டையாடும் போலீஸ் அதிகாரியாகிய அர்ஜுனும் ஆதியிலிருந்தே கூட்டாளிகள் என்று கடைசியில் தெரிய வந்தபோது, கொட்டகையே எழுந்து கூச்சலிட்டது. நம்பும்படி இல்லை என்று அப்போது சிலர் சொன்னார்கள். அவர்களை நான் எங்கள் ராஜகிரிக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறை பிளந்து கிடக்கும் ஆழமான பிளவின்மேல் போட்டிருக்கும் சிறு பாலத்தில் நின்று பார்த்தால், இந்தக் கோட்டையிலிருந்து ஒருவன் காவலை மீறித் தப்பியிருக்க முடியுமா என்றுதான் யாருக்கும் தோன்றும். 1690 முதல் ஏறக்குறைய எட்டு வருஷம் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் இங்கே முற்றுகையிட்டிருந்தான். 1698-இல் கோட்டை விழுந்தபோது, உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் அதற்குமுன்பே வெளியேறிவிட்டிருந்தார். தளபதியே ஜாடையாக வழிவிட்டிருக்கிறான் என்பது அக்காலத்திலேயே எழுந்த சந்தேகம். சரித்திர ஆசிரியர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். துரத்துபவனும் தப்புபவனும் உள்ளூர ஒன்று என்பது சென்னைக் கதாசிரியர்களின் கற்பனை மாத்திரமன்று.

தேநீர்க் கடைக்குத் திரும்புகிறேன். இடைவேளை வந்தது, திருப்பமும் வந்தது. இளைஞர் படத்தைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் சலனமில்லாமல் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

“எப்பிடி?”

“நாப்பது வருஷம் பொம்பள வேஷம் கட்டினவன்டா நான். அவன் பாக்குறானான்னு பாத்துட்டு அப்புறம் சிரிக்கிறா அந்தப் பொண்ணு. நெசமா சிரிக்கிறவ எவனைப் பாப்பா? திரைக்குப் பின்னால நிக்கிற ஆளு அவ. நீதான் கிரீடத்தைப் பாக்கல.”

இளைஞர் அன்றிரவே ஐந்தாம் தடவையாகப் படத்தைப் போட்டு, திருப்பத்துக்கு முந்திய காட்சிகளை மாத்திரம், சத்தத்தை அடக்கிவிட்டு, அந்தப் பெண்களின் கண்களை மட்டும் பார்த்ததாக மறுநாள் என்னிடம் சொன்னார். வாத்தியார் சொன்னது சரியா என்று கேட்டேன். சில இடங்களில் சரி, சில இடங்களில் அவள் நிஜமாகவே சிரிக்கிறாள் போலிருக்கிறது என்றார். அந்தச் சில இடங்கள்தான் இப்போது தமக்குப் பிடித்திருக்கின்றன என்றும் சொன்னார். முதல் நான்கு தடவை முதற் பாதியை ஓட்டிவிட்டுப் பார்த்தவர் அவர்.

இரண்டாம் பாதியில் என்ன நடக்கிறது என்பதை நான் எழுதவில்லை. மழை விட்டதும் வாத்தியார் கடைசிப் பேருந்துக்கு எழுந்து போய்விட்டார். அவருக்கும் அது இன்னும் தெரியாது. சித்திரையில் அவர் ஊர்த் திடலில் கூத்து நடக்கும்போது அங்கே போகிறவர்கள் யாராயினும், தயைகூர்ந்து அதை அவரிடம் சொல்லிவிடவேண்டாம்.