அடுக்குமாடி வைஃபை: வீட்டுக்கு ஒரு லாகின் கேளுங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலோ நாமக்கல்லிலோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? “வைஃபை பில்டிங்லயே இருக்கு, பாஸ்வேர்டு வாட்ச்மேன்கிட்ட வாங்கிக்கோங்க” என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

இணைய நிறுவனமே ரூட்டர் மாட்டி, கட்டடம் முழுக்கப் பராமரிக்கும் வைஃபை வசதியானதுதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், யார் என்ன செய்தார் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். விசாரணை வந்தால், இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடம்தான் முதலில் வரும்.

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் அடுக்குமாடியில் வசித்த ஒருவரின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அவர் அனுப்பவில்லை, ஆனாலும் போலீஸ் விசாரணை அவர் வீட்டுக்குத்தான் வந்தது. பாதுகாப்பான வைஃபை பற்றி 2009-ல் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

சேரும் முன் கேளுங்கள்:

1. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி லாகின் உண்டா?
2. பக்கத்து வீட்டுக்காரர் போனில் நம்ம டிவி, கேமரா, பிரிண்டர் தெரியாதபடி பிரித்து வைத்திருக்கிறார்களா?
3. பில் யார் பெயரில் வருகிறது?
4. வீடு காலி செய்தால் லாகினை யார் நிறுத்துவார்கள்?

இணைப்பில் கோளாறா? நிறுவனத்தின் புகார் மையத்தில் சொல்லி, புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம், கட்டணம் இல்லை. பில் சங்கத்தின் பெயரில் இருந்தால் புகாரைச் சங்கம் மூலம் கொடுங்கள்.

ஆன்லைனில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.